சுண்ணாம்பு கேட்டவள்

இரவு ஒன்றரை மணிக்கு எதற்கு மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாய் என்று வீட்டுக்காரர் கேட்டார். "எமதூதனுக்குப் பேரே இல்லைங்க" என்றேன். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். பத்தொன்பது வருடம் கூட வாழ்ந்தவர். மேற்கொண்டு வாயைக் கொடுத்தால் முழுக்கதையும் கேட்க வேண்டிவரும் என்று அவருக்குத் தெரியும்.

அவர் கேட்காமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது 'காப்ளின்' என்கிற கொரியத் தொடர். 2016 டிசம்பரில் தொடங்கி 2017 ஜனவரியில் முடிந்த பழைய தொடர்தான். எனக்கு இது மூன்றாவது முறை. நாயகன் ஒரு தொக்கேபி. கொரிய நாட்டுப்புறக் கதைகளில் வருகிற பூதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொர்யோ என்கிற பழைய கொரிய அரசு காலத்துத் தளபதி ஒருவன் தன் அரசனாலேயே சாகடிக்கப்படுகிறான். நெஞ்சில் பாய்ந்த வாளோடு, உயிரும் போகாமல், தொள்ளாயிரத்துச் சொச்சம் வருடம் அலைகிறான். அந்த வாளைப் பார்க்கவும் பிடுங்கவும் ஒருத்தியால்தான் முடியும். அவள்தான் அவனுக்கு விதிக்கப்பட்ட மணப்பெண். அவள் வாளைப் பிடுங்கினால் அவனுக்கு விடுதலை, அதாவது சாவு.

இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சாவதற்காகத்தான் அவளைத் தேடுகிறான். கிடைத்த பிறகு அவளோடு பேசப் பேச, சாக மனம் வரவில்லை. முதலில் அவள் கைக்கு வாள் அகப்படுவதே இல்லை. காதல் முற்றிய பிறகுதான் பிடிபடுகிறது. அவளை நோக்கி வைக்கிற ஒவ்வொரு அடியும் வாளை நோக்கியும் வைக்கிற அடி. இப்படி ஒரு முடிச்சைப் போட்டுவிட்டால் எழுதுகிறவர் அவசரப்பட வேண்டியதே இல்லை. இரண்டு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதைக் காட்டினால்கூட நமக்கு வயிற்றைப் பிசையும்.

ஆனால் நான் அழுதது அவனுக்காக இல்லை. அதே வீட்டில் கூடக் குடியிருக்கும் எமதூதனுக்காக. கறுப்பு உடை, கறுப்புத் தொப்பி, செத்தவர்களுக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து இந்தப் பிறவியை மறக்கவைத்து அனுப்புகிற உத்தியோகம். அவனுக்கும் கோழி வறுவல் கடை நடத்தும் ஒரு பெண்ணுக்கும் பழக்கம் ஏற்படுகிறது. அவள் சாதாரணமாக, நாம் எல்லாரும் கேட்கிற மாதிரி, உங்கள் பெயர் என்ன என்று கேட்கிறாள். அவனுக்குப் பெயர் இல்லை. எமதூதர்களுக்குத் தங்கள் முற்பிறவி நினைவும் இல்லை, பெயரும் இல்லை. நெடுநெடுவென்று ஓர் ஆள், ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் இல்லாமல் முழித்துக்கொண்டு நிற்கிறான். கையைப் பிடிக்கலாம் என்றாலோ, அவன் ஒருவர் கையைத் தொட்டால் அவர்களுடைய முற்பிறவி அவனுக்குத் தெரிந்துவிடும். ஒரு கைகுலுக்கலுக்கு இவ்வளவு கனம் இருக்கிற கதையில் முத்தம் எதற்கு?

ஸ்லோ பர்ன் என்று இந்த வகைக்கு இப்போது பெயர். எங்கள் வீட்டுப் பேச்சில் சொன்னால் உமித்தீ. மேலே ஒன்றும் தெரியாது, சாம்பல் போலத்தான் இருக்கும். உள்ளே விரலை விட்டால் தெரியும்.

மனிதர்களுக்குள் நடக்கும் காதல் கதையிலும் உமித்தீ வைக்கலாம்தான். தடை வேண்டும், அவ்வளவுதானே. ஆனால் நம் ஊரில் காதலுக்கு இருக்கும் தடை எதுவென்று எல்லாருக்கும் தெரியும். அது செய்தித்தாளில் ஆள் சாய்க்கிற தடை. அதைக் கதையில் வைத்துச் சாவகாசமாக ரசிக்க என்னால் முடிவதில்லை, கோபம்தான் வருகிறது. பூதத்துக்கும் பெண்ணுக்கும் இடையில் இருக்கிற கோட்டை எந்த மாமனும் அரிவாளோடு வந்து போடவில்லை. அது அவர்கள் ஆக்கப்பட்ட விதத்திலேயே இருக்கிறது. அடித்து ஜெயிக்க ஆள் இல்லாததால் அவர்களுக்கு மிச்சம் இருப்பது பேச்சும் பார்வையும் காத்திருப்பும்தான். ஒருவேளை அதனால்தான் நான் இந்தக் கதைகளிடம் போகிறேனோ என்று சில சமயம் தோன்றும்.

இது வெளியூர்ச் சரக்கு, நமக்குப் பழக்கமில்லாதது என்று என் சிநேகிதி ஒருத்தி சொல்வாள். தமிழ் ஆசிரியை வேறு. அவளிடம் நான் திருக்குறளின் காமத்துப்பாலை எடுத்துக் காட்டுவேன். முதல் குறளே என்ன?

அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ கனங்குழை
மாதர்கொல் மாலும்என் நெஞ்சு.

இவள் அணங்கு என்கிற தெய்வப்பெண்ணா, மயிலா, மனுஷிதானா என்று ஒருவன் குழம்பி நிற்கிறான். காமத்துப்பால் தொடங்குவதே 'நீ மனித இனம்தானா' என்ற சந்தேகத்தில். அந்த அதிகாரத்தின் பெயரிலேயே அணங்கு உண்டு: தகையணங்குறுத்தல். நாம் இதை வர்ணனை என்று பரீட்சைக்குப் படித்துவிட்டுப் போய்விட்டோம்.

தொல்காப்பியர் இன்னும் ஒரு படி மேலே. களவியலில் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளும் வழியைப் பட்டியலே போட்டிருக்கிறார். "வண்டே இழையே வள்ளி பூவே, கண்ணே அலமரல் இமைப்பே அச்சம்" என்று போகிறது அந்த நூற்பா. அவள் சூடிய பூவில் வண்டு மொய்க்கிறதா, உடம்பில் எழுதிய கோலம் தெரிகிறதா, பூ வாடுகிறதா, கண் இமைக்கிறதா, தடுமாறுகிறாளா, பயப்படுகிறாளா. இதெல்லாம் இருந்தால் தெய்வமில்லை, பெண்தான். பயம் மனித அடையாளம் என்று எழுதிவைத்த இலக்கணக்காரர் வேறு எந்த ஊரிலாவது உண்டா தெரியாது, எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

புகழேந்தியின் நளவெண்பாவில் தமயந்தி சுயம்வரத்துக்கு இந்திரன், அக்கினி, வருணன், எமன் நான்கு பேரும் நளன் உருவத்திலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஐந்து நளன்கள். அவள் எப்படிக் கண்டுபிடித்தாள்?

கண்ணிமைத்த லால்அடிகள் காசினியில் தோய்தலால்
வண்ண மலர்மாலை வாடுதலால் - எண்ணி
நறுந்தா மரைவிரும்பும் நன்னுதலே அன்னாள்
அறிந்தாள் நளன்தன்னை ஆங்கு.

இமைக்கிறவன், கால் தரையில் படுகிறவன், மாலை வாடுகிறவன். வாடாத மாலை நான்கு இருக்க, வாடுகிற மாலைக்காரனை எடுத்துக்கொண்டாள். எமனே வரிசையில் வந்து உட்கார்ந்தும் வேண்டாம் என்றுவிட்டாள். எமதூதனுக்காக மூக்கைச் சிந்துகிற நான் இதைச் சொல்வது வேடிக்கைதான்.

சங்கப் பாடல்களில் இந்தக் குழப்பம் வேறு பக்கத்திலிருந்து வரும். பெண் மலைக்காட்டில் ஒருவனைக் கண்டு மனதைக் கொடுத்துவிட்டு வீட்டில் சாப்பிடாமல் இளைத்துக் கிடப்பாள். தாய், முருகு அணங்கியது, சாமி குற்றம் என்று நினைத்து வேலன் என்கிற முருகன் பூசாரியைக் கூப்பிட்டு வெறியாட்டு எடுப்பாள். நற்றிணை 34இல் தோழி நேராக முருகனிடமே பேசுகிறாள்: இவள் நோய் உன்னால் வந்ததில்லை என்று தெரிந்தும் வேலன் கூப்பிட்டான் என்று தலை நிமிர்த்தி வந்துவிட்டாயே, "கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே". நீ கடவுளாகவே இருந்துவிட்டுப் போ, ஆனால் சுத்த மடையன், நல்லா இரு! பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித் தந்திருந்தால் நான் தமிழில் இன்னும் நாலு மதிப்பெண் கூட வாங்கியிருப்பேன்.

ஆக, காதலும் அமானுஷ்யமும் பக்கத்துப் பக்கத்து வீடு என்று நம் ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. சந்தேகம் வரும், வந்த வேகத்தில் தெளிந்தும் விடும். அணங்கு இல்லை, பெண்தான். முருகன் இல்லை, மலைநாட்டுக்காரன்தான். ஐயம், அடுத்தது தெளிவு. கொரியாக்காரர்கள் செய்தது என்னவென்றால், அந்த ஐயத்தைத் தெளியவிடாமல் 16 பகுதிக்கு இழுத்தது. தெளிந்தபோது பதிலையும் மாற்றிவிட்டார்கள்: ஆமாம், மனிதன் இல்லை. இப்போது என்ன செய்வாய்?

என் ஆச்சிக்கு இந்தப் பதில் பிடித்திருக்காது. நாகர்கோவில் பக்கம் யட்சிக் கதை கேட்காமல் யாரும் வளர்ந்ததில்லை. ராத்திரி அசம்பு மலையோரமாக ஒருவன் தனியாக நடந்துவருவான். மல்லிகைப்பூ வாசம் வரும். வெள்ளைச் சேலையில் ஒருத்தி, வெற்றிலைக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு தருவீர்களா என்று கேட்பாள். கையால் கொடுத்தால் தொலைந்தான். விவரம் தெரிந்தவன் இரும்புக் கத்தி முனையில் வைத்து நீட்டுவான். தெரியாதவனுடைய மயிரும் நகமும்தான் காலையில் பனைமரத்தடியில் கிடக்கும். "கால் தரையில பாவுதான்னு பாக்கணும் மக்ளே, முகத்த பாத்தியோ போச்சு, கேட்டியா" என்பாள் ஆச்சி. புகழேந்தியைப் படித்தவள் இல்லை. ஆனால் சோதனை அதே சோதனை.

வெள்ளைச் சேலைக்காரியைப் பற்றிச் சொல்லும்போது சீனாவின் வெள்ளைப் பாம்பைச் சொல்லாமல் போக முடியாது. இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் பாட்டி அவள்தான் என்பது என் கட்சி.

ஹாங்சோ நகரம், மேற்கு ஏரி, உடைந்த பாலம் என்று பெயர் கொண்ட, ஆனால் உடையாத ஒரு பாலம். மழை. ஷூ சியென் என்கிற இளைஞன் மருந்துக்கடைச் சிப்பந்தி. ஒரு பெண்ணுக்குத் தன் குடையை இரவல் கொடுக்கிறான். குடையைத் திரும்ப வாங்கப் போகிற சாக்கில் காதல் வளர்கிறது. அவள் பெயர் பாய் சூச்சென். பல நூறு வருடம் தவம் இருந்து பெண் உருவம் எடுத்த வெள்ளைப் பாம்பு. கல்யாணம் ஆகி, இருவருமாக மருந்துக்கடை வைக்கிறார்கள். அவள் பாம்பென்று கண்டுகொண்ட ஃபாஹாய் என்கிற துறவி, கணவனிடம் வந்து ஓதுகிறான். ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் துவான்வூ பண்டிகை வரும். அன்று அவளுக்கு ஒரு மது கொடு, தெரியும்.

அந்த மதுவில் கலக்கிற கல் எதுவென்று தேடிப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனோசிலை!

அப்பா கோட்டாற்றில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். மேல் தட்டில், என் கைக்கு எட்டாத உயரத்தில், ஒரு தகர டப்பா. உள்ளே கறுப்புத் தாளில் சுற்றிய செம்மஞ்சள் துண்டுகள், பெரிய கற்கண்டை உடைத்துச் சாயம் ஏற்றிய மாதிரி. ஆர்சனிக் சேர்ந்த பாஷாணம். வெளிச்சத்தில் கிடந்தால் நாளாவட்டத்தில் மஞ்சளாகி உதிர்ந்துவிடும் என்பதால் கறுப்புத் தாள். விற்பது அபூர்வம், வைத்தியர் யாராவது வந்து கேட்டால்தான். அதைத் தொட்ட நாளில் அப்பா இரண்டு தடவை கை கழுவிவிட்டுத்தான் மற்றப் பொட்டலத்தைக் கட்டுவார். விஷப்பூச்சிகளை விரட்டும் என்று சீனர்கள் பண்டிகை நாளில் மதுவில் கலந்து குடித்தது அந்தக் கல்லைத்தான். ஒரு மருந்துக்கடைக்காரன், தன் கடையில் எந்த டப்பா என்று தெரிந்தே, பெண்டாட்டிக்கு அதைக் கலக்கிக் கொடுக்கிறான். நான் கல்லாவுக்குப் பின்னால் நின்று வளர்ந்தவள். அந்தக் காட்சியை என்னால் வெறும் கதையாகப் படிக்க முடியவில்லை.

அவளுக்கு அது என்னவென்று தெரியும். வேண்டாம் என்றால் சந்தேகம் உறுதியாகிவிடும். குடிக்கிறாள். கட்டில் திரையை விலக்கிப் பார்த்தவன் பாம்பைக் கண்டு பயத்தில் செத்தே போகிறான். தெளிந்து எழுந்தவள், அவன் உயிரைத் திருப்பக் குன்லுன் மலைக்குப் போய்க் காவல்காரர்களோடு சண்டை போட்டு மூலிகை கொண்டுவருகிறாள். அதற்குப் பிறகுதான் எனக்குக் கதையே ஆரம்பிக்கிறது. அவன் கண் விழிக்கிறான். கண்டது கண்டதுதான். அடுத்த நாளும் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, கடை திறக்கிறது. முதல் பார்வையில் வருவதைவிட இது பெரிய காதல் என்று நினைக்கிறேன். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டு மறுநாள் கஞ்சிக்கு உப்புப் போதுமா என்று கேட்பது.

முடிவில் துறவி ஜெயித்து அவளை லெய்ஃபெங் கோபுரத்தின் அடியில் அடைத்துவிடுகிறான்.

ஆனால் இந்தக் கதை எப்போதும் இப்படி இல்லை. பழைய வடிவம் ஒன்றில் அவள் ஆண்களின் இதயத்தையும் ஈரலையும் தின்கிற பிசாசு, அப்படியே எங்கள் பனைமரத்துக்காரி. 1624இல் ஃபெங் மெங்லுங் தொகுத்த கதையில் பிரியம் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது; ஆனாலும் கணவனே திருவோட்டைக் கவிழ்த்து அவளைப் பிடித்துக் கொடுக்கிறான், பிறகு பிச்சையெடுத்து அவள்மேல் கோபுரமும் எழுப்புகிறான். 18ஆம் நூற்றாண்டு மேடைக்கு வரும்போது ஜனங்கள் அவள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அவளுக்குப் பிள்ளை பிறக்கிறது, அந்தப் பிள்ளை அரசுத் தேர்வில் தேறி அம்மாவைப் பார்க்க வருகிறான். உண்மையான லெய்ஃபெங் கோபுரம் 1924 செப்டம்பர் 25 அன்று இடிந்து விழுந்தது. ஆசீர்வாதம் என்று ஊர்க்காரர்கள் செங்கல் செங்கலாக உருவிக்கொண்டு போனதும் ஒரு காரணம். சீன எழுத்தாளர் லூ சுன் அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். வருத்தப்பட்டு இல்லை, சந்தோஷப்பட்டு. அவளைச் சிறைவைத்த ஃபாஹாய் கடைசியில் நண்டு ஓட்டுக்குள் ஒளிந்துகொண்டானாம்; நண்டைப் பிளந்தால் உள்ளே சம்மணம் போட்ட சாமியார் மாதிரி ஒன்று இருக்கும், அது அவன்தான் என்று அவர் பாட்டி காலத்துக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார். 2002இல் கோபுரத்தைத் திரும்பக் கட்டினார்கள், நகரும் படிக்கட்டெல்லாம் வைத்து. பாவம், மறுபடியும் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒரு பயம் காதலாக மாற முந்நூறு நானூறு வருடம் ஆகியிருக்கிறது. உமித்தீ என்றால் இது.

இதையெல்லாம் சொன்னதால் பேய் வருகிற காதல் கதை எல்லாவற்றையும் நான் தூக்கிப் பிடிப்பதாக நினைக்க வேண்டாம். பாதிக்கு மேல் குப்பை. ரத்தக்காட்டேரி என்பான், பார்த்தால் பத்துக் கார் வைத்திருக்கும் தொழிலதிபருக்கு இரண்டு பல் நீளமாக இருக்கும், அவ்வளவுதான். இணையத்தில் வரும் தமிழ்த் தொடர்கதைகளிலும் இந்த ஆள் நடமாட ஆரம்பித்துவிட்டான். கையைப் பிடித்து இழுப்பான், அறையில் பூட்டுவான், ஆனால் முந்நூறு வயது என்பதால் மன்னிப்பு உண்டு. மனிதன் செய்தால் போலீஸுக்குப் போவோம். அவன் நூற்றாண்டுகள் காத்திருந்தவன் என்றால் அவள் சரி என்று சொல்கிறவரை இன்னும் இரண்டு வருடம் காத்திருப்பதற்கு என்ன கேடு? 'காப்ளின்' நாயகியும் கதை தொடங்கும்போது பள்ளி மாணவி என்பது எனக்கு மூன்று முறையும் நெருடியது. கோழிக்கடைக்காரிக்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல கதையில் ஒரு ஷரத்து இருக்கும், அது இரண்டு பக்கமும் கட்டும். கங்கை சந்தனுவிடம் கேட்டது ஒன்றுதான்: நான் என்ன செய்தாலும் ஏன் என்று கேட்கக் கூடாது. எட்டாவது பிள்ளைக்கு அவன் கேட்டான், அவள் போய்விட்டாள். ஜப்பானில் பனிப்பெண், நீ கண்டதை யாரிடமும் சொல்லாதே என்பாள். அவன் பல வருடம் கழித்து, பிள்ளைகள் தூங்கின பிறகு, யாரென்று தெரியாமல் அவளிடமே சொல்லிவிடுவான். வீட்டுக்குள் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது நாக்கு நழுவுகிறது. கல்யாணம் ஆனவர்களுக்கு இது புரியும்.

எங்கள் பக்கத்து யட்சிக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு கதை அமையவில்லை? நீலி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கணவனால் கொல்லப்பட்டவள், அடுத்த பிறவியில் அவன் வணிகனாகப் போகும்போது கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்டாட்டி என்று சொல்லி வழக்காடுகிறாள். பழையனூர் வேளாளர் எழுபது பேர் அவள் பேச்சை நம்பி அவன் உயிருக்குப் பிணை நின்று, அவள் கையால் அவன் செத்ததும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். சம்பந்தர் தேவாரத்திலேயே "வஞ்சப்படுத்தொருத்தி வாணாள் கொள்ளும் வகை" என்று அவளைப் பற்றிக் குறிப்பு வந்துவிட்டது. ஆயிரத்து முந்நூறு வருடக் கதை. இந்த நீண்ட காலத்தில் வெள்ளைப் பாம்புக்கு நடந்தது நீலிக்கு நடக்கவில்லை. அவள் மனைவி ஆகவில்லை, சாமி ஆனாள். முப்பந்தலில் இசக்கியம்மனாக உட்கார்ந்திருக்கிறாள், சுற்றிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. குழந்தை வரம் கேட்டுப் பெண்கள் போகிறார்கள். பயந்தோம், பிறகு கும்பிட்டோம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் பேசிப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. ஒருத்தனிடம் ஏமாந்து செத்தவளை மறுபடி ஒருத்தனைக் காதலிக்க வை என்று கேட்பதும் அநியாயம்தான். அவளுக்குக் கோயில் போதும் என்று அவளே நினைத்திருக்கலாம்.

இருந்தாலும் அந்தச் சுண்ணாம்பு எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எட்டு ஒன்பது வயதிருக்கும். ஆச்சி திண்ணையில் வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன், "ஆச்சி, அவளுக்கு நெசமாவே சுண்ணாம்பு மட்டுந்தான் வேணும்னா?"

ஆச்சி கிள்ளுவதை நிறுத்தி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுண்ணாம்பை விரலில் எடுத்து இலையில் தடவிக்கொண்டே சொன்னாள். "அப்படி நின்னு கேட்டவன் எவனாவது வீடு வந்து சேந்தாத்தான மக்ளே நமக்குத் தெரியும்."